வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் அது பணி விபத்துதான் என்று சட்டம் சொல்லிவிட்டது. சித்தூர், திருப்பதி சாலைகளில் தினமும் போய்வருகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

திருமலையில் சுப்ரபாதம் ஒலிக்கும் நேரத்தில் அடிவாரத்துத் திருப்பதி பாதி விழித்திருக்கும். லாட்ஜ் அறைகளைக் கழுவுகிறவர்கள், பால் வண்டிக்காரர்கள், ஓட்டல் மாஸ்டர்கள், மலைமேல் துப்புரவு வேலைக்கு ஏறுகிற காண்ட்ராக்ட் பெண்கள் என்று ஒரு கூட்டம் இருட்டிலேயே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்கும். 1944-இல் திறந்த முதல் மலைப்பாதை இன்று வண்டிகள் இறங்குவதற்கு. ஏறுவதற்கு இரண்டாவது பாதை. பக்தர்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ அந்த வளைவுகளைக் கடப்பார்கள். மலைமேல் வேலை பார்ப்பவர்கள் வாரத்தில் ஆறு நாள் கடக்கிறார்கள்.

திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், சத்தியவேடு, தடா பக்கம், ஸ்ரீசிட்டி தொழில் வளாகத்துக்குப் போகும் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். செல்போன், ஏ.சி., சாக்லேட், வண்டி என்று பலவும் தயாராகும் அந்த வளாகத்தில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நம் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் எல்லை தாண்டிப் போகிறார்கள். ஜூன், ஜூலை வந்தால் சித்தூர், புத்தூர், தாமலச்செருவு வட்டாரத்தில் மாம்பழக் கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும். நாம் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரிதான் அங்கே பிரதானம். சீசன் முடியும் வரை சுற்றுக் கிராமத்துப் பெண்கள் ஷேர் ஆட்டோவிலும் சரக்கு வண்டியிலும் நெருக்கியடித்துக்கொண்டு வந்துபோவார்கள்.

ஆலைக்குள் இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டால் நஷ்டஈடு உண்டு என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கேட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே லாரி இடித்துவிட்டால்? "அது ரோடு ஆக்சிடென்ட், கம்பெனிக்கு என்ன சம்பந்தம்?" என்பதுதான் பல இடங்களில் இன்றும் கிடைக்கும் பதில். சூப்பர்வைசர் சொல்வார், மேஸ்திரி சொல்வார். கேட்டுக் கேட்டுப் பழகியதால் அடிபட்டவர் வீட்டாரும் அதையே நம்பிவிடுகிறார்கள். அந்தப் பதில் இன்று செல்லாது. எப்படிச் செல்லாமல் போனது என்பது நீண்ட கதை.

அந்த ஐந்து கிலோமீட்டர்

2003 ஏப்ரல் 22. மகாராஷ்டிர மாநிலம் உஸ்மானாபாத் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, அதிகாலை 3 மணி ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். 3 மணி முதல் காலை 11 மணி வரை அவருக்கு டூட்டி. ஆலைக்கு இன்னும் சுமார் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்து, இறந்துபோனார். மனைவி, நான்கு குழந்தைகள், வயதான தாய் ஆகியோர் நிர்க்கதியானார்கள்.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009-இல் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் 3,26,140 ரூபாயும் அதற்கு 12 சதவீத வட்டியும் தரச் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. 2011 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆலைக்குள் நடக்கவில்லை, வேலை நேரம் தொடங்கவும் இல்லை, ஆகவே பணி விபத்தாகாது என்பது வாதம். குடும்பம் உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜூலை 29 அன்று நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, ஆணையரின் உத்தரவுக்கே உயிர் கொடுத்தது.

விபத்து நடந்து 22 ஆண்டு கழித்து. அவர் இறந்தபோது கைக்குழந்தையாக இருந்திருந்தால்கூட, தீர்ப்பு வந்தபோது அது வேலைக்குப் போகும் வயது.

தீர்ப்பின் சாரம் எளிமையானது. இரவுக் காவலாளி ஒருவர், தன் ஷிஃப்டுக்கு நேரத்தோடு போய்ச்சேர வேண்டும் என்று அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போனார். வேலை இல்லையென்றால் அந்த அகாலத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை? சூழ்நிலை, நேரம், இடம் மூன்றும் வேலையோடு தொடர்புடையவை என்றால், வீட்டிலிருந்து வேலைக்கோ வேலையிலிருந்து வீட்டுக்கோ போகும் வழியில் நடக்கும் விபத்தும் பணியின்போது, பணியின் காரணமாக நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 

படகும் பஸ்ஸும் சைக்கிளும்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. "பணியின் காரணமாகவும் பணியின்போதும்" நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. பணி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற கோட்டை அது போடவில்லை. அந்தக் கோடு எங்கே என்று நூறு ஆண்டுகளாக வழக்காடியிருக்கிறார்கள்.

1952-இல் போர்பந்தர் அருகே உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து கழிமுகத்தைப் படகில் கடந்துகொண்டிருந்தார்கள். மோசமான வானிலை, அளவுக்கு மீறிய ஆட்கள். படகு கவிழ்ந்தது, பலர் மூழ்கி இறந்தார்கள். பணியிடத்தின் எல்லையை ஆலை வாசலைத் தாண்டியும் நியாயமான அளவு நீட்டிப் பார்க்கலாம் என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் படகு ஊர்மக்கள் எல்லோரும் போகும் படகு, அதில் ஏறிய பிறகு அவர்கள் தொழிலாளிகள் அல்லர், பொதுமக்களில் சிலர் என்று சொல்லி இழப்பீட்டை மறுத்தது. கோட்பாடு கிடைத்தது, காசு கிடைக்கவில்லை.

அடுத்து மும்பை. 1957-இல் பெஸ்ட் நிறுவனத்தின் பஸ் டிரைவர் ஒருவர் டூட்டி முடித்து, பஸ்ஸை ஜோகேஸ்வரி டெப்போவில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போக அதே நிறுவனத்தின் இன்னொரு பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ், நின்றிருந்த லாரியில் மோதியது. தூக்கி எறியப்பட்டவர் சில நாளில் இறந்தார். 1963-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனைவிக்கு இழப்பீடு உண்டு என்றது. பரந்த நகரத்தில் டிரைவர்கள் களைப்பில்லாமல் வந்துபோகவே நிர்வாகம் அந்த இலவசப் பயணத்தைத் தந்தது. ஆகவே பஸ்ஸை விட்டு அவர் இறங்கும் வரை வேலை நீள்கிறது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. கம்பெனி வண்டியில் போகிறவர்களுக்கு அன்றிலிருந்தே ஓரளவு பாதுகாப்பு வந்துவிட்டது.

சொந்தமாக வந்துபோகிறவர்களுக்கு? இங்கேதான் என் மனம் ஆறாத வழக்கு ஒன்று இருக்கிறது. 1971 ஜூன் 26. கேரளத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போகிறார். மாலை 4.30-க்கு ஷிஃப்ட். 4.15-க்கு, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் லாரியே அவரை இடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் பலன் கேட்டார். 25 ஆண்டு கழித்து, 1996-இல், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு, அது பணி விபத்தல்ல என்று முடிவாகச் சொன்னது. பதினைந்து நிமிடமும் ஒரு கிலோமீட்டரும் அவருக்கு எதிராகப் போய்விட்டன.

அந்த அநியாயத்தைச் சரிசெய்ய நாடாளுமன்றமே இறங்க வேண்டியிருந்தது. 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51ஈ என்ற பிரிவு சேர்ந்தது; அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயண விபத்தும், தொடர்பு நிறுவப்பட்டால், பணி விபத்தே என்று அது எழுத்தில் சொன்னது. ஆனால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கான 1923 சட்டத்தில் இப்படி ஒரு வரி இல்லை. ஒரே சாலை, ஒரே லாரி, ஒரே சாவு, இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் ஒரு நியாயம், இல்லையென்றால் வேறு நியாயம். 2025 ஜூலைத் தீர்ப்பு அந்த ஓரவஞ்சனையை நீக்கியது. 51ஈ புதிதாக எதையும் படைக்கவில்லை, முன்பே இருந்த பொருளைத் தெளிவாக்கியது. ஆகவே 2010-க்கு முந்தைய விபத்துக்கும் பொருந்தும், 1923 சட்டத்துக்கும் அதே பொருள்தான் என்றார்கள் நீதிபதிகள்.

தீர்ப்பு வந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பயண விபத்தை இழப்பீட்டுப் பகுதியிலேயே நேரடியாக எழுதிவைத்திருக்கிறது. தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் பல காரணங்களுக்காக எதிர்க்கின்றன. அந்தக் காரணங்களில் நியாயமானவை உண்டு. இந்த ஒரு வரியை மட்டும் இரு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூழ் ஆலைப் பாதை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?

முதலில் பெரிய தொழிற்சாலைகள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகம் 3.25 சதவீதம். பணி விபத்துக்கு "இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனை கிடையாது; சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. இறந்தால் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரை குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். கம்பெனி பஸ்ஸில் போகும்போது விபத்து என்றால் அதற்கென்றே தனிப் பிரிவு பழைய இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே இருந்தது. பஸ் நிற்குமிடத்திலிருந்து வீட்டுக்கு நடந்து போகும் வழிக்கும் இப்போது பாதுகாப்பு உண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து நெடுஞ்சாலை ஓரம் இறங்கி, ரோட்டைக் கடந்து ஊருக்குள் போகிற பெண்ணுக்கு அந்தக் கடைசி அரை கிலோமீட்டர்தான் ஆபத்து.

கூழ் ஆலைக்குப் போகிறவர்கள் நிலை வேறு. சீசன் ஆள், தினக்கூலி, மேஸ்திரி மூலம் வந்தவர். பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று ஆலை சொல்லிவிடலாம் என்ற பயம் எல்லோரிடமும் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் மூலம் ஆள் எடுத்தாலும், தன் தொழிலின் வேலைக்காக எடுத்திருந்தால், இழப்பீட்டுக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. பிறகு அது காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். "எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்" என்று முன்கூட்டியே வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி வைத்திருந்தாலும் அந்தத் தாள் செல்லாது. தற்காலிகத் தொழிலாளி என்று சொல்லி ஒதுக்குவதற்கு 1923 சட்டத்தில் இருந்த வாசலையும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது.

சரக்கு வண்டி விவகாரம் இன்னும் கொடுமை. டாடா ஏஸிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஆள் ஏற்றிப்போகக் கூடாது. ஆனால் விடியலில் ஆலை, தோட்டம், கட்டட வேலை என்று எல்லாத் திசையிலும் அப்படித்தான் போகிறார்கள். வேறு வண்டி வருவதில்லை. கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எடுக்கும் ஆயுதம், "சரக்கு வண்டியில் பயணிக்கு பாலிசி இல்லை." 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த வாதத்தை ஏற்றிருக்கிறது. அப்படியானால் எல்லாம் முடிந்ததா? இல்லை. வண்டிக்காரரின் பாலிசி கைவிட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் நடந்தது என்றால் வேலை கொடுத்தவரின் பொறுப்பு தனியாக நிற்கிறது. இந்த இரண்டாவது கதவு இருப்பதே தெரியாமல், முதல் கதவில் முட்டிவிட்டுத் திரும்பியவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் முழு நஷ்டஈடு வாங்க, அடுத்தவர் தவறு செய்தார் என்று காட்ட வேண்டும். நாய் குறுக்கே வந்து, மழையில் டயர் வழுக்கி, தானே விழுந்த தொழிலாளிக்கு அங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது. தொழிலாளர் இழப்பீட்டில் யார் தவறு என்ற கேள்வியே இல்லை. வேலையோடு தொடர்பு உண்டா என்பது ஒன்றே கேள்வி. இடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் கேட்கலாம். இரண்டு சட்டத்திலும் வழி இருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எது லாபம் என்று வக்கீலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 35 வயதுக்கு அந்த எண் 197.06. சம்பளம் 12,000 என்றால் பாதி 6,000. பெருக்கினால் 11,82,360 ரூபாய். கணக்குக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் 15,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த அளவில் 14,77,950. முழுமையாக முடமாகிவிட்டால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தால் 50 சதவீதம் வரை அபராதம். "ஈமச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் போகும் இடங்களில், இறந்தவரின் மனைவி விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று இந்தக் கணக்கே சொல்லும். மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கை முடித்ததாகச் சொல்ல முடியாது.

டிரைவர் எப்போது வேலையில் இல்லை?

சென்னை, வேலூர், காஞ்சிபுரத்திலிருந்து பக்தர்களை ஏற்றிவரும் டிரைவர்களைத் திருப்பதியில் எங்கும் பார்க்கலாம். தரிசனம் முடிந்து பக்தர்கள் வரும்வரை பத்து மணி நேரம், பதினைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். குளிக்க, சாப்பிட, தூங்க எல்லாம் வண்டிதான். அவர்களுக்கு வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே சாலை என்று ஒன்று கிடையாது. சாலையே வேலை.

கர்நாடகத்தில் ஒரு கோயிலுக்குப் பயணிகளை அழைத்துப்போன டிரைவர், காத்திருந்த நேரத்தில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்து வழுக்கி விழுந்து இறந்தார். அது பணியின் காரணமாக நேர்ந்ததல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. 2019-இல் வேறொரு வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் இந்தூர்-புர்ஹான்பூர் தடத்தில் ஓடிய பஸ்ஸின் டிரைவர், இரவு பஸ்ஸிலேயே தங்க வேண்டியவர், கூரைமேல் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது தவறி விழுந்து இறந்தார். அவர் அங்கே தங்கியது சொந்த விருப்பத்தால் அல்ல, முதலாளியின் தேவைக்காக. ஆகவே பணி விபத்துதான் என்றது அதே நீதிமன்றம். டெல்லியிலிருந்து 1,152 கிலோமீட்டர் லாரி ஓட்டிவந்து, வழியில் மயங்கி விழுந்து இறந்த 45 வயது டிரைவருக்கும், அந்த ஓட்டத்தின் களைப்பே காரணம் என்று சொல்லி இழப்பீடு தந்திருக்கிறது.

என் தீர்மானம் 2019 தீர்ப்பின் பக்கம். காத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் டிரைவருக்குச் சம்பளம். மலையடிவாரத்து அலிபிரியில் வண்டிக்குள் படுத்திருப்பவர் அங்கே இருப்பது வண்டிக்காகவும் அதில் வந்தவர்களுக்காகவும். குளத்துப் படியில் உட்கார்ந்தவரும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் மொகிலி மலைப்பாதையில் பஸ்ஸும் லாரிகளும் மோதிப் பலர் இறந்ததைச் சித்தூர்-பெங்களூரு சாலையில் ஓட்டுகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட சாலையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு, வண்டி நின்றிருந்ததா ஓடியதா என்று பார்த்து உரிமையை அளப்பது சரியல்ல.

யார் நிரூபிப்பது?

சட்டத்தின் மொத்தப் பாரமும் "தொடர்பு" என்ற ஒரு சொல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்குப் போனார் என்பதை யார் நிரூபிக்க வேண்டும்? இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி. அதற்கான காகிதங்கள் யாரிடம் இருக்கின்றன? வருகைப் பதிவேடு, ஷிஃப்ட் பட்டியல், பஞ்சிங் விவரம், சம்பளச் சீட்டு எல்லாம் நிர்வாகத்திடம். இந்த ஏற்பாடு மாற வேண்டும் என்பதே என் வாதம். மரண விபத்து என்றால் முதலாளியிடம் விளக்க அறிக்கை கேட்டு வாங்கும் அதிகாரத்தை 1923 சட்டத்தின் 10ஏ பிரிவு ஆணையருக்குக் கொடுத்தது; குடும்பம் மனுப் போடும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆந்திரத்தில் தொழிலாளர் துறை அதிகாரிகளே அந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். காலை ஷிஃப்ட் நேரத்தில் நடக்கும் ஒவ்வொரு சாலை மரணத்திலும், இறந்தவர் எங்கே வேலை பார்த்தார் என்று போலீஸ் ஒரு வரி எழுதி, அதன் நகலைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினால் பாதிக் குடும்பங்கள் பிழைத்துக்கொள்ளும்.

அதுவரை வீட்டார்தான் உஷாராக இருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆரில் "வேலைக்குப் போகும்போது", "ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது" என்ற சொற்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். "சொந்த வேலையாகப் போனார்" என்று யாரோ சொன்னதைக் காவலர் எழுதிவிட்டால், அதை அழிக்க ஆண்டுகள் ஆகும். திருப்பதி ருயா மருத்துவமனையிலோ சித்தூர் அரசு மருத்துவமனையிலோ சேர்த்தால், விபத்துப் பதிவில் நேரமும் இடமும் சரியாக வரட்டும். 108-க்குப் பேசியது எத்தனை மணிக்கு, சூப்பர்வைசருக்குக் கூப்பிட்டது எத்தனை மணிக்கு என்று போனில் இருப்பதை அழிக்காதீர்கள். கூடவே வேலைக்குப் போகும் இருவர் பெயரை அன்றைக்கே குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கும் வேலை போய்விடும் பயம் வந்துவிடும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் என்றால், விபத்து அறிக்கையை நிர்வாகம் அனுப்பியதா என்று கேட்டு, நகல் வாங்குங்கள்.

வழியில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனால்? காய்கறி வாங்க வண்டியை நிறுத்தியிருந்தால்? இதற்குச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. ஒவ்வொரு வழக்காகத்தான் முடிவாகும். பெண்கள் வேலைக்குப் போகும் பாதை ஒருபோதும் நேர்க்கோடாக இருப்பதில்லை என்பதை நீதிமன்றங்கள் மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானபோது சென்னை மாகாணத்தில் இருந்தது. திருத்தணி 1960-இல்தான் நம் பக்கம் வந்தது. கோடு பிரித்தாலும் பிழைப்பு பிரியவில்லை. நகரி, புத்தூர் விசைத்தறிகளுக்குத் தமிழ் பேசுகிறவர்கள் போகிறார்கள். சித்தூர்க்காரர்கள் வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வேலைக்கு வருகிறார்கள். ஆந்திரத்தில் விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர். தெலுங்கில் இருக்கும். திருத்தணிப் பக்கத்துப் பெண் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் திருப்பதிக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்ற விதி 1995 திருத்தத்தோடு போய்விட்டது. மனுதாரர் குடியிருக்கும் இடத்து ஆணையரிடமே போடலாம்.

மலேசியத் தமிழர்களிடம் கேட்டால் "சொக்சோ" என்ற தொழிலாளர் காப்பைச் சொல்வார்கள். அங்கே வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி விபத்து வெகுகாலமாகவே அந்தக் காப்புக்குள் இருக்கிறது; 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் நீட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஓட்டல் வேலைக்குப் போனவரும் அதில் அடக்கம். ஜெர்மனி 1925-லேயே இதைச் சட்டமாக்கியது. உலகத் தொழிலாளர் அமைப்பு 1964-இல் கொண்டுவந்த 121-ஆம் உடன்படிக்கை, வழி விபத்தை எந்த நிபந்தனைகளில் தொழில் விபத்தாக ஏற்பது என்று ஒவ்வொரு நாடும் வரையறுக்கச் சொன்னது. இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஆனாலும் அந்த இடத்துக்கு இப்போது வந்து சேர்ந்துவிட்டோம்.

ஆந்திரத் தொழிலாளர் துறைக்கும் தமிழகத் தொழிலாளர் துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்ரீசிட்டி வாசலிலும், கூழ் ஆலைகளின் கேட்டிலும், அலிபிரி பஸ் நிறுத்தத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பலகை வையுங்கள். "வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, பணி விபத்து" என்ற ஒரே வரி போதும். கீழே அலுவலகத்தின் தொலைபேசி எண்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி அடிபட்டவரோ இறந்தவரோ இருந்தால், "ரோடு ஆக்சிடென்ட்தானே" என்று விட்டுவிடாதீர்கள். மனுப் போட 1923 சட்டம் கொடுத்த காலம் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்த வீட்டுக் கதவை இந்த வாரமே தட்டி, தேதியைக் கேளுங்கள்.